நோகாத கால்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு முற்பகல், நீரிழிவுச் சிகிச்சை நிலையமொன்றின் சிறிய அறையில், சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டுக் கட்டிலில் கால்நீட்டிப் படுத்திருந்தேன். எதிரே நின்ற தாதிக்கு என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். அவர் கையில் பேனை போன்ற ஒரு சிறு கருவி. அதன் முனையிலே தங்கூசித் துண்டொன்று பொருத்தப்பட்டிருந்தது. மீன்பிடிக்கப் பயன்படும் அதே நைலோன் இழைதான்.

"ஐயா, கண்ணை மூடிக்கொள்ளுங்கோ. காலில தொடுறது தெரிஞ்சால் 'ஓம்' எண்டு சொல்லுங்கோ. தெரியாட்டில் பேசாமல் இருங்கோ" என்றார்.

கண்ணை மூடினேன். மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. வெளியே எவரோ இலக்கம் கூப்பிட்டார்கள். காத்திருந்தேன். சற்று நேரத்தில் பொறுமை இழந்து, "பிள்ளை, இனித் தொடங்கலாமே" என்று சொன்னேன்.

ஒரு கணம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் மூண்டு இடத்தில தொட்டிட்டன், ஐயா" என்றார்.

அந்தத் தங்கூசித் துண்டு பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையுமாறு செய்யப்பட்டது. உள்ளங்காலின் பல இடங்களில் அதை வளையும்வரை ஊன்றிப் பார்ப்பார்கள். வளையும் அளவுக்கு ஊன்றியும் தெரியவில்லையென்றால், காலைக் காத்துவந்த உணர்வு அந்த இடத்தை விட்டுப் போய்விட்டது என்று பொருள். செருப்புக்குள் கிடக்கும் கல்லையும், தோலைத் தேய்க்கும் வாரையும், மத்தியான வெயிலில் உருகும் தார்வீதியையும் அந்த இடம் இனி உங்களுக்கு அறிவிக்காது. எனக்கு வலது காலின் பெருவிரலிலும், அதற்குக் கீழே உள்ள மேட்டிலும் அறிவிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் வலிக்கு 'நோ' என்று பெயர். தமிழக நண்பர்கள் 'வலிக்கிறதா' என்று கேட்குமிடத்தில் நாங்கள் 'நோகுதே' என்போம். நோய் என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். நோகாத நோய் என்பது எங்கள் மொழிக்கே சற்று முரணானது. ஆனால் எனக்கு முன்னரே எங்கள் வீட்டில் ஒருவர் அந்த நோயோடு நடந்து திரிந்திருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லாமல் என் காலைப் பற்றி எழுத முடியாது.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்தில் இருந்தோர் அனைவரும் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் செல்ல வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அந்த இரவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நானும் பத்திரிகையில் ஆண்டுதோறும் எழுதியிருக்கிறேன். இங்கே அம்மாவின் கால்களை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது 54 வயது. சலரோகம் என்று கண்டு பதினான்கு ஆண்டுகளாகியிருந்தன. 1990 தொடக்கம் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் மருந்துகளும் அகப்பட்டிருந்தன. இன்சுலின் கிடைப்பதே அரிது. கிடைத்த போத்தலை ஒரு மட்பானையில் ஈரமணலுக்குள் புதைத்து, பானையின் வாயை நனைத்த துணியால் மூடி, அடுக்களையின் இருண்ட மூலையில் வைத்திருப்போம். அன்றிரவு நகைகளுக்கு முன்னதாக அந்தப் பானையைத்தான் சைக்கிளில் கட்டினோம். பானை சைக்கிளில் வந்தது. அம்மா பக்கத்தில் நடந்து வந்தார்.

கொக்குவிலில் இருந்து நாவற்குழிப் பாலத்தை அடைவதற்குள் விடிந்துவிட்டது. மாட்டுவண்டியும் உழவு இயந்திரமும் மனிதரும் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். மழை வேறு. பாலத்துக்குச் சற்று முன்னால், சேற்றுக்குள் அம்மாவின் இறப்பர் செருப்பின் வார் அறுந்தது. குனிந்து எடுக்க இடமில்லை. பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். மற்றச் செருப்பையும் கழற்றிக் கையிலே பிடித்துக்கொண்டு நடந்தார்.

"நோகுதே அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லையடா தம்பி. பஞ்சில நடக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார்.

அந்த விடையை நான் நீண்ட காலம் அம்மாவின் பொறுமைக்குச் சான்றாக எண்ணிவந்தேன். அவருடைய ஆண்டுத் திவசத்தில் அதை உறவினர்களுக்குச் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். தரை பஞ்சு போலிருக்கிறது என்பது, கால் நரம்புகள் பழுதடைந்தவர்கள் வைத்தியரிடம் வழக்கமாகச் சொல்லும் முறைப்பாடு என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். அம்மா எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. தன் வருத்தத்தின் குறியை அப்படியே சொல்லியிருக்கிறார். கேட்டவனுக்குத்தான் விளங்கவில்லை.

மீசாலையில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஒதுங்கினோம். மறுநாள் பொழுதுபடும் நேரத்தில் அக்காதான் முதலில் கண்டார். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, ஒரு ரூபாய்க் குற்றியளவு தோல் உரிந்து கிடந்தது. நடுவிலே கறுப்பாக ஒரு முள்முனை. அம்மா காலைத் திருப்பி எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்ப நடந்தது?" என்று எங்களைக் கேட்டார். அவருடைய கால், கேட்டது எங்களை.

முள்ளை எடுத்தோம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டோம். பத்து நாட்களில் புண்ணின் வாய் சிறுத்தது. ஆறுகிறது என்று மகிழ்ந்தோம். உண்மையில், வெளியே வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளே சீழ் தசைநாண்களின் உறை வழியே குதிக்காலை நோக்கி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காய்ச்சல் வந்தபோது கணுக்கால்வரை வீங்கிவிட்டது. மார்கழியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வேறு வழி இருக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்த நாட்களில் அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்ய ஆள் கிடைத்ததே பெரிய காரியம்.

இவ்வளவையும் கண்டவன், பின்னர் தனக்கே நீரிழிவு வந்தபோது என்ன செய்தான் என்று வாசகர்கள் கேட்கலாம். மாத்திரை எடுத்தான், மூன்று மாதத்துக்கொருமுறை குருதி கொடுத்தான், அறிக்கையில் உள்ள எண்ணைப் பார்த்தான். காலைப் பார்க்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அப்படியே போயின.

தங்கூசிப் பரிசோதனைக்குப் பின்னர்தான் எனக்குள் இருந்த பத்திரிகைக்காரன் விழித்துக்கொண்டான். தெரிந்த வைத்திய நிபுணர் ஒருவரைப் பிடித்து, செவ்வி காண்பது போலவே குறிப்பேட்டோடு இருந்து கேட்டேன். நரம்பு, குருதிக்குழாய் என்ற இரண்டையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தோலுக்கும் என்புக்கும் இடையில் இருப்பவற்றுக்கு என்ன நடக்கிறது என்பதே என் கேள்வி. கொழுப்பு, சிறு தசைகள், தசைநாண்கள், என்புகளைக் கட்டிவைத்திருக்கும் பட்டைகள் ஆகிய இவற்றையெல்லாம் சேர்த்து மெல்லிழையங்கள் என்பார்கள். (தமிழகத்தில் 'திசு' என்பதை எங்கள் பாடநூல்கள் 'இழையம்' என்கின்றன. மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், சத்திரசிகிச்சை பற்றிய ஆங்கில நூலொன்றை 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் தமிழாக்கி வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் சத்திரசிகிச்சை நூல் கண்ட ஊரில் பிறந்த எனக்கு, என் குதிக்காலுக்குள் என்ன இருக்கிறது என்று ஐம்பது வயதைக் கடந்தும் தெரிந்திருக்கவில்லை.)

குதிக்காலுக்குள் இருப்பது ஒரு மெத்தை. பனம்பழத்தை உரித்தவர்களுக்கு அதை எளிதில் விளக்கலாம். பனங்களி தும்புகளுக்கிடையே அகப்பட்டு நிற்பதுபோல, குதிக்காலின் கொழுப்பு நூற்றுக்கணக்கான சிறு அறைகளுக்குள் அடைபட்டு நிற்கிறது. அறைகளின் சுவர்கள் உறுதியான நாரினால் ஆனவை. காலை ஊன்றும்போது கொழுப்பு பிதுங்கி ஓட முயலும், சுவர் விடாது, அந்த இழுபறியில் அதிர்ச்சி அடங்கிவிடும். ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புள்ள இந்த மெத்தைதான் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை எம்மைத் தாங்குகிறது. முன்பாதத்திலும், விரல்கள் தொடங்கும் இடத்து என்புமுனைகளுக்குக் கீழே இதுபோன்ற சிறு மெத்தைகள் உண்டு.

நீண்டகாலம் சீனி கூடிய குருதியில் ஊறும்போது இந்த நார்ச்சுவர்கள் தடித்து, விறைத்து, சில இடங்களில் முறிந்தும் போகின்றன. மெத்தை தன் துள்ளலை இழக்கிறது. தடிப்பு அப்படியே இருக்கலாம். தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியாமலும் போகலாம். ஆனால் அது முன்போல அதிர்ச்சியை வாங்குவதில்லை.

ஏன் விறைக்கிறது என்று கேட்டேன். அவர் பாணை உதாரணம் காட்டினார். போறணையில் பாணின் மேற்புறம் பொன்னிறமாவது, சீனியும் புரதமும் வெப்பத்தில் ஒன்றோடொன்று பிணைவதால். லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1912இல் இதனை விளக்கினார். வெப்பம் குறைந்த எங்கள் உடம்பிலும் அதே வினை மிக மெதுவாக நடக்கிறது. சீனி கூடினால் வேகம் கூடுகிறது. தசைநாண், தோல், நார்ச்சுவர் எல்லாவற்றுக்கும் அடிப்படையான கொலாஜன் என்ற புரதத்தில் சீனி ஒட்டி, இழைக்கும் இழைக்கும் இடையே குறுக்குப் பிணைப்புப் போட்டுவிடுகிறது. தளர்வாக முறுக்கிய கயிறு பசை ஊற்றிய கயிறாகிறது.

நாங்கள் மூன்று மாதத்துக்கொருமுறை பார்க்கும் பரிசோதனையும் இதே வினையைத்தான், குருதிச் செங்கலங்களில், அளக்கிறது. செங்கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிந்துவிடும், புதியது வரும். ஆகவே ஒரு காலாண்டு ஒழுங்காக இருந்தால் அறிக்கையும் ஒழுங்காக வரும். கொலாஜன் அப்படியல்ல. அது ஆண்டுக்கணக்கில் இருப்பது. அதில் ஏறிய சீனி இலகுவில் இறங்காது. 'இம்முறை ஏழுக்குக் கீழே வந்துவிட்டது' என்று நான் வீட்டில் இனிப்புக் கொடுத்த நாளிலும், என் குதிக்கால் நாண் பத்தாண்டுக் கணக்கை வைத்திருந்தது.

"கும்பிடுங்கோ பாப்பம்" என்றார் வைத்தியர்.

எதற்கென்று விளங்காமல் இரு கைகளையும் கூப்பினேன். உள்ளங்கைகளையும் விரல்களையும் இடைவெளியின்றி ஒட்டச் சொன்னார். உள்ளங்கைகள் ஒட்டின, விரல்கள் ஒட்டவில்லை. சின்னவிரலுக்கும் சின்னவிரலுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. அழுத்தினேன், இன்னும் தெரிந்தது. விரல் மூட்டுகளைச் சுற்றிய தோலும் நாண்களும் இறுகினால் இவ்வாறு வருமாம். இதை மேலைநாட்டு வைத்தியத்தில் 'பிரார்த்தனைக் குறி' என்கிறார்கள். 1970களில் நீரிழிவுள்ள சிறுவர்களிடம் கவனித்துத் தொடங்கிய ஆய்வு அது. கை இறுகியிருந்தால் காலும் இறுகியிருக்கும் என்று ஐயப்பட இடமுண்டு. எத்தனை ஆண்டுகளாகக் கோயிலில் நான் இடைவெளியோடு கும்பிட்டிருக்கிறேன் என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

காலில் இந்த இறுக்கம் செய்யும் வேலை இன்னும் மோசமானது. குதிக்கால் நாண் தடித்துக் குறுகும்போது கணுக்கால் மேல்நோக்கி மடிய மறுக்கிறது. நடக்கையில் குதிக்கால் வேளைக்கே தரையை விட்டு எழும்புகிறது; உடம்பின் பாரம் முழுவதும் முன்பாதத்தில், அதுவும் வழக்கத்தைவிட அதிக நேரம், விழுகிறது. அதே காலத்தில் பாதத்துக்குள் இருக்கும் சிறு தசைகள், அவற்றின் நரம்பு பழுதடைந்தமையால், மெலிந்து போகின்றன. விரல்களை நேராகப் பிடித்துவைத்தவை அவைதான். அவை விட்டவுடன் விரல்கள் பறவையின் நகம்போல மடங்குகின்றன. மடங்கும் விரல்கள் முன்பாதத்து மெத்தையையும் தம்மோடு முன்னுக்கு இழுத்துக்கொண்டு போகின்றன. எங்கே பாரம் கூடுகிறதோ, அங்கே மெத்தை இல்லை. என்புக்கும் தரைக்கும் இடையே தோல் மாத்திரம்.

தோல் தனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பைச் செய்கிறது. தடிக்கிறது. காய்ப்பு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். தோட்டம் செய்தவர்களின் காலில் காய்ப்பு இருப்பது உழைப்பின் அடையாளம். உணர்வற்ற காலில் அதே காய்ப்பு, செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல. அதை முறைப்படி சீவி அகற்றினால் அவ்விடத்து அழுத்தம் ஏறத்தாழக் காற்பங்கு குறைகிறது என்று அளந்து கண்டிருக்கிறார்கள். அகற்றாமல் விட்டால் அதன் அடியில் மெல்லிழையம் நசுங்கி, குருதி கசிந்து, மேலே ஒன்றும் தெரியாமலே உள்ளே புண் உருவாகிறது. காய்ப்புக்குள் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் புண் ஏற்கெனவே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். இதைப் படிக்கும் எவரும் சவர அலகை எடுத்து வீட்டிலே சீவத் தொடங்க வேண்டாம். அப்படிச் சீவி வந்தவர்களை அந்த வைத்தியர் வாரந்தோறும் காண்கிறார்.

இவற்றில் எதுவும் நோவதில்லை.

இங்கே ஒரு மனிதரை நினைவுகூர வேண்டும். போல் பிராண்ட் 1914இல் தமிழகத்தின் கொல்லிமலையில் ஆங்கிலேய மிஷனரிமாரின் மகனாகப் பிறந்தவர். சத்திரசிகிச்சை வைத்தியராகி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் அந்த நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்தான். பையனின் கையில் குருதி. சாவி விரலை என்புவரை வெட்டியிருந்தது, பையனுக்குத் தெரியவில்லை. நோய் விரலைத் தின்பதில்லை, நோவு இல்லாமைதான் தின்கிறது என்பதை பிராண்ட் அதன்பின் பல ஆண்டுகள் நோயாளரின் ஒவ்வொரு காயத்தையும் பின்தொடர்ந்து நிறுவினார். மெதுமையான இறப்பரில் பாதணி செய்யவும் வேலூரில் முயன்றார்கள்.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றபோது, நீரிழிவாளரின் பாதங்களிலும் அதே புண்களை அதே இடங்களில் அவர் கண்டார். இன்று உலகெங்கும் நீரிழிவாளரின் கால் காக்கும் முறைகளில் பல, அந்த வேலூர்ப் படிப்பின் வழி வந்தவை. தொழுநோயாளரைத் தீண்டாமல் ஒதுக்கிய எங்கள் சமூகத்துக்கு, அவர்களுடைய கால்களே பாடம் சொல்லித் தந்திருக்கின்றன.

யாழ்ப்பாணத்தவர்களாகிய எங்களுக்குக் கால் பற்றிச் சில பிடிவாதங்கள் உண்டு. வீட்டுக்குள் செருப்புப் போடுவது தரித்திரம். தோட்டத்துக்குள் போடுவது மண்ணுக்கு மரியாதையில்லை. கோயில் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கள் தரையோ இரக்கமற்றது. முருகைக்கல், நெருஞ்சிமுள், வாள்போன்ற பனைமட்டைக் கருக்கு, கோடையில் காய்ந்த செம்மண். நல்லூர்த் திருவிழா 25 நாட்களும் வெயில் உக்கிரமான காலத்தில்தான் வருகிறது. வீதியைச் சுற்றி வெண்மணல் பரப்பி, செருப்போடு வரக்கூடாதென்று எல்லை போட்டிருப்பார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அந்த மணலில் நடந்து வளர்ந்தவன் நான். ஆனால் மத்தியானப் பிரதட்டைக்குப் போய்வந்து, மாலையில் இரு உள்ளங்கால்களிலும் கொப்புளத்தோடு கிளினிக்குக்கு வருபவர்களைத் தாதியர் ஆண்டுதோறும் காண்கிறார்கள். சுட்டது அவர்களுக்குத் தெரிவதில்லை. 'முருகன் அருளால் சூடே தெரியேல்லை' என்று சொன்ன ஓர் அம்மையாரைப் பற்றி அந்த இளந்தாதி சொன்னபோது, எனக்கு நாவற்குழிப் பஞ்சு நினைவுக்கு வந்தது.

புலம்பெயர்ந்த நண்பர்கள் தங்களுக்கு மணலும் முள்ளும் இல்லையென்று நிம்மதி கொள்ள வேண்டாம். ரொறன்ரோவில் வசிக்கும் என் மைத்துனர் மார்கழிக் குளிரில் காலைச் சூடாக்கி அருகே வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தவர். காலுறை கருகிய மணம் வந்தபோதுதான் எழுந்திருக்கிறார்.

இனி என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது ஆண்டுகளில் நான் எழுதிய கால்கள் ஏராளம். மிதிவெடியில் போன கால்கள். ஷெல்லில் போன கால்கள். 2002இல் ஹலோ ட்றஸ்ட் நிறுவனம் குடாநாட்டில் மிதிவெடி அகற்றத் தொடங்கியபோதும், 2017 மார்கழியில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தபோதும் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுத வேண்டியவைதான். எண்ணிக்கைகள் என் விரல்நுனியில் இருந்தன.

2005 கார்த்திகையில், உலக நீரிழிவு தினத்தையொட்டி, லண்டனில் இருந்து வெளிவரும் 'லான்செற்' மருத்துவ இதழ் நீரிழிவுப் பாதத்துக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. உலகில் எங்கோ ஓரிடத்தில் 30 விநாடிகளுக்கு ஒரு கால் நீரிழிவினால் அகற்றப்படுகிறது என்ற செய்தி அன்று செய்திச் சேவைகளில் வந்தது. நான் செய்திப்பிரிவில் இரவுப் பொறுப்பில் இருந்தேன். ஜனாதிபதித் தேர்தல் 17ஆம் திகதி. நீரிழிவு தினம் 14ஆம் திகதி. வடக்கில் வாக்களிப்பார்களா இல்லையா என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. அந்தத் தாளை எடுத்து வாசித்தேன். அம்மா இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வாசித்துவிட்டு, ஏழாம் பக்கத்தில் இடம் இருந்தால் போடுங்கள் என்று கொடுத்தேன். இடம் இருக்கவில்லை.

வெடிச் சத்தத்தோடு போகும் கால் செய்தியாகிறது. சத்தமின்றிப் போகும் காலைச் செய்தியாக்க அன்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு, நாங்கள் வலிகாமம் திரும்பிச் சில ஆண்டுகளின் பின், ஜெய்ப்பூர்க் கால் பொருத்தினார்கள். 1960களின் பிற்பகுதியில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் ராஜஸ்தானில் உருவாக்கிய இறப்பர்ப் பாதம் அது. சப்பாத்து இல்லாமலே நடக்கலாம், தரையில் இருக்கலாம், தோட்டத்தில் இறங்கலாம் என்பதே அதன் சிறப்பு. எங்கள் வாழ்க்கைக்காகவே செய்தது போன்றது. யாழ்ப்பாணத்தில் இதற்கான ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் தொடங்கப்பட்டது. யுத்தத்துக்காக வந்தது என்றுதான் அன்று நினைத்தோம்.

அண்மையில் செயற்கைக்கால் பொருத்தும் இடமொன்றுக்கு, இந்தக் கட்டுரைக்காகவே, சென்றிருந்தேன். வாங்கில் எனக்குப் பக்கத்தில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி பேப்பரில இருந்தனீர் தானே" என்றார். ஓமென்றேன். அவருடைய வலது காலைப் பார்த்து, "ஷெல்லோ ஐயா?" என்று கேட்டுவிட்டேன். முப்பது ஆண்டுப் பழக்கம்.

சிரித்தார். "எல்லாரும் உதைத்தான் கேக்கினம். ஷெல் எண்டு சொன்னால் ஒரு மரியாதை. சீனி எண்டு சொன்னால், நான் என்னவோ களவெடுத்துத் திண்டுபோட்டு மாட்டுப்பட்ட மாதிரிப் பாக்கினம். இப்ப நானும் சில பேருக்கு ஷெல் எண்டுதான் சொல்லுறனான்."

எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள், அவற்றில் எத்தனையை நான் எழுதியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டு வீடு வந்தேன்.

இப்போது ஒவ்வோர் இரவும் படுக்கைக்கு முன்னர் எங்கள் வீட்டில் ஒரு சிறு சடங்கு நடக்கிறது. கதிரையில் இருந்து காலை முக்காலியில் வைப்பேன். முகம் பார்க்கும் கண்ணாடியை நான் பிடிக்க, மனைவி ரோர்ச் வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்ப்பார். விரல் இடுக்குகள், காய்ப்பு விழுந்த இடம், குதிக்கால் வெடிப்பு. வியர்வை நரம்பும் பழுதடைவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. அதற்கு எண்ணெய் பூசுவார், விரல் இடுக்கில் மட்டும் பூசமாட்டார். பிறகு புறங்கையால் இரு பாதங்களையும் மாறிமாறித் தொட்டு, ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரே இடத்தில் இரு கால்களுக்கும் இடையே 2.2 பாகை செல்சியஸ் வேறுபாடு தொடர்ந்து இருந்தால் உள்ளே ஏதோ நசுங்குகிறது என்று எண்ண வேண்டும். புறங்கைக்கு அவ்வளவு நுட்பம் உண்டோ என்னவோ. அவர் தொடுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. மெதுமையான அடித்தட்டு வைத்த பாதணி ஒன்று வீட்டுக்குள்ளும் போடுகிறேன். முதல் வாரம் மாமியார் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது பழகிவிட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வாண்டு தேர்த்திருவிழாவன்று நான் நல்லூருக்குப் போனேன். வைத்தியர் வேண்டாமென்றுதான் சொல்லியிருந்தார். இருள் பிரியுமுன் போய், மணல் குளிர்ந்திருக்கும்போதே ஒருமுறை வீதியைச் சுற்றிவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டேன். அவ்வளவு கவனமாக இருந்தேன் என்று எனக்கே திருப்தி. கால் கழுவித் துடைத்து, கண்ணாடியைப் பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, இதென்ன?" என்றார் மனைவி.

பெருவிரலுக்குக் கீழே, அம்மாவுக்கு இருந்த அதே இடத்தில், சிதறு தேங்காயின் சிரட்டைத் துண்டொன்று குத்தி நின்றது. அதன்மேல் நான் எவ்வளவு தூரம் நடந்திருப்பேனோ தெரியாது.

"எடுக்கட்டே? நோகுமோ?"

"எடும்" என்றேன்.

எடுத்து, வெள்ளைத் தாளொன்றில் வைத்துக் காட்டினார். ஓர் அரிசி மணியளவு இருக்கும். நுனியில் குருதி இருந்தது. மருந்து கட்டிவிட்டு, சப்பாத்தைப் போடாமல் ஓட்டோ பிடித்துக் கிளினிக்குக்குப் போனோம். அன்று அங்கே கூட்டம் அதிகம். திருவிழா முடிந்து நேரே வந்தவர்கள் திருநீறு அழியாமலே வரிசையில் இருந்தார்கள். எனக்கு 41ஆம் இலக்கம் தந்தார்கள்.